மூச்சு முளைக்கும் காலம்

மனிதகுலம் இழந்த மூச்சைத் திரும்பப் பெறும் யுகம் இன்று கோயம்புத்தூரில்தான் பிறக்கப் போகிறது, அதுவும் தன் நெஞ்சுக்குள்... என்று வெங்கடபதி நினைத்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியில் மூச்சுச் சோதனை எடுக்கும் ரிஃபத் அவர் மூக்கில் கிளிப்பை மாட்டினாள். நூற்பாலை அதிபர்கள் சங்கத்தின் முன்னாள் தலைவர் மூக்கில், துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி ஒன்று. போகட்டும், வரலாறு மூக்கையா பார்க்கும்? வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் அமிலம் ஒன்றைக் கொடுத்ததும் எலிகளுக்குச் சிதைந்த நுரையீரல் அறைகள் புதிதாக முளைத்தன என்று படித்த அன்றே முடிவு செய்துவிட்டார், எலிக்கே முளைக்கிறது, தனக்கு முளைக்காதா, அன்றிலிருந்து தினம் கேரட் சாறு, பப்பாளி, உக்கடம் சந்தையிலிருந்து ஆட்டீரல்... "மாமா, மனுசங்களுக்கும் குடுத்துப் பார்த்தாங்களாமுங்க, ஒண்ணும் முளைக்கலைங்க" என்றாள் மருமகள் சைத்ரா, "அவிங்கெல்லாம் நம்மூர் ஆளுங்களா அம்மணி?" என்று திருப்பிக் கேட்டார் இவர். இதோ கதவோரம் நிற்கிறாள், சிரிக்கிறாளோ? சிரிக்கட்டும். இன்றைக்கு ஊதும் எண் ஏறினால் ஆக்சிஜன் மெஷின் வேண்டாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், ஆனால் இந்த வெங்கடம்மாள், கட்டின பெண்டாட்டி, அதற்குள் வீட்டில் கட்டிலருகே இடம் ஒதுக்கி பிளக் பாயிண்ட் வேறு வைத்துவிட்டாள், புருசனைவிட மெஷின்மேல் அத்தனை நம்பிக்கை!

எதிரே திரையில், ஊத ஊத அணைய வேண்டிய பிறந்தநாள் மெழுகுவத்திகள் எரிந்தன, குழந்தைகளுக்கான படமாம், மாற்ற நேரமில்லையாம். "நல்லா இழுங்க ஐயா... இப்ப ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க!" ஊதினார், உள்ளே ஆயிரம் புது அறைகள் திறக்கின்றன, சங்கத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும், பொன்னாடை போடுவார்கள்... எத்தனை பதமாகக் கேட்கிறது இந்தப் பிள்ளை, ஊருக்கே மரியாதை சொல்லிக்கொடுத்த ஆள் பதில் பேசாமல் இருப்பதா... "ஊதறேனுங்க கண்ணு" என்றார் வாயில் வைத்த ஊதுகுழாயோடு. இருந்த மூச்செல்லாம் மரியாதையில் போய்விட்டது.

"பேசக் கூடாதுங்க ஐயா."

"பேசலைங்க."

மறுபடி ஊதினார், கண் பிதுங்க, காது சிவக்க, முன்வரிசை மெழுகுவத்தி ஆடியதே, ஆடியதல்லவா? இருமல் வந்துவிட்டது. மெழுகுவத்திகள் அத்தனையும் சௌக்கியமாக எரிந்தன. "போன தடவையைவிடக் கொஞ்சம் கம்மிங்க ஐயா" என்றாள் ரிஃபத், சைத்ரா போனோடு வெளியே போனாள், "ஆமாங்கத்தை, மெஷின்காரரை வரச்சொல்லிப் போடுங்க..." அப்படியென்றால் இத்தனை நாள் தின்ற கேரட்டெல்லாம் எங்கேதான் போயிற்று, நெஞ்சுக்குப் போகாமல்? குழாயைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினார்.

உள்ளங்கை இரண்டும் கேரட் நிறத்தில் இருந்தன.