கடைக்கும் வீட்டுக்கும் நடுவே முளைத்த வீடுகள்

"ஏங்க இவ்வளவு லேட்டு?"

"தெரு நீண்டு போச்சும்மா."

தையல்காரர் மனைவியிடம் இப்படி முதல்முறை சொன்னது ஒரு மழைக்காலத்தில். சொன்னது உண்மைதான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே அவருக்கு மட்டும் புதிதாக ஒரு வீடு முளைத்திருந்தது. கோடை வருவதற்குள் அது ஒரு வரிசையாகிவிட்டது. மனைவி நம்பவில்லை. அவளுடைய தங்கை வேறு, "அக்கா, மச்சான் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ. நீளுறது தெருவா, யார்கூடவாவது பேச்சான்னு பாரு" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள்.

அதன்பிறகு எல்லாமே தடயமாயிற்று. சட்டைப்பையில் உடைந்த சாக்கட்டி. வழியெங்கும் சுவர் மூலைகளில், துணியில் குறி போடுவதுபோல் சின்னச் சின்ன அம்புகள். யாருக்கு வழி காட்டுகிறார்? கண்ணை மூடிக்கொண்டே தைக்கக்கூடிய மனிதர், ஒரு சட்டையின் இரண்டு பக்கமும் பொத்தான் நுழையும் காஜாவே போட்டுவிட்டு, பொத்தானை யார் எடுத்தது என்று அவளையே அதட்டினார். மனசு வேறெங்கோ போய்விட்டது என்று அவள் முடிவு கட்டினாள்.

ஒரு சாயங்காலம் பின்னாலேயே போனாள். பேக்கரியைத் தாண்டியதும் அந்த வீடுகள் அவளுக்கும் தெரிந்தன. பச்சைக் கதவுகள், திறந்த ஜன்னல்கள், உள்ளே ஒருவரும் இல்லை. கால் வலிக்க நடந்தாள். அவர் ஒவ்வொரு மூலையிலும் அம்பைத் தொட்டுப் பார்த்துத் திரும்பினார். ஓரிடத்தில் அம்பு அழிந்திருந்தது. அங்கேயே நின்றுவிட்டார்.

அந்த நிற்பை அவள் முன்பே பார்த்திருந்தாள். அவருடைய அண்ணன் தன் வீட்டு வாசலிலேயே நின்று, இது யார் வீடு என்று கேட்ட நாளில். "இதை முழுசா குணப்படுத்த முடியாது. ஆனா ஆரம்பத்துலயே வந்திருந்தா கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாம். தனக்கு என்ன வேணும்னு அவரே சொல்லியிருப்பாரு" என்றார் அப்போது அண்ணனைப் பரிசோதித்த டாக்டர். அன்று டாக்டரிடமிருந்து வீடு திரும்பும்வரை தையல்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

இப்போது, அழிந்த அம்பின் முன் நின்றவரிடம் அவள் போய்க் கையைப் பிடித்தாள்.

"யாருக்குங்க இந்த அம்பெல்லாம்?"

"எனக்குத்தான்."

"எவளோ ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன்."

"இருக்கா. அவ வீட்டுக்குத்தான் வழி தேடிட்டிருக்கேன்."

இருவரும் நடந்தார்கள். அன்று முளைத்த வீட்டில் யாரும் ஏற்றாத விளக்கு ஒன்று எரிந்தது, அதையும் கடந்தார்கள். வீட்டு வாசலில் அவர் விரலில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைத் துடைத்தார்.

"நாளைக்கு என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா. அண்ணனை விட்ட மாதிரி என்னை விட்டுடாதே. உன்னை அடையாளம் தெரியுறப்பவே போயிடலாம்."