பங்கு போடக் கூடாத டப்பா

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பிரேம்நாத் மிஷினில் தோல் வெட்டுவான், அவன் மனைவி ஷர்மிளா பக்கத்தில் நின்று அடுக்குவாள். ஜோடி வேலையில் யார் கை வேகம் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. கூலி பாதி பாதி. எச்ஐவியும் இருவருக்கும் இருந்தது.

பழைய மாத்திரை இருவருக்குமே ஒத்துக்கொள்ளவில்லை, தலை சுற்றும். வெட்டு மிஷின் முன்னால் தலை சுற்றினால் விரல் போய்விடும். அதனால்தான் வேலூர் ஆஸ்பத்திரியில் புது மருந்து ஆராய்ச்சி என்றதும் சேர்ந்தார்கள். சிலருக்குப் பழையது, சிலருக்குப் புதுசு. பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

ஆளுக்கொரு டப்பா வந்தது. ஷர்மிளா செய்த காரியம் இருக்கிறதே! இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலந்துவிட்டாள். யாருக்குப் புதுசு விழுந்திருந்தாலும் பாதி பாதி. புருஷன் மேல் உள்ள ஆசையில் செய்த அசட்டுத்தனம்.

அடுத்த மாதம் ஆராய்ச்சி நர்ஸ் ஜஹீருன்னிசா கேட்டாள், "தலைசுத்தல் எப்படி இருக்குது?"

"சில நாள் ஜாஸ்தி, சில நாள் இல்லவே இல்ல," என்றான் பிரேம்நாத்.

அவள் எழுதப் போனாள். ஷர்மிளாவுக்குச் சுருக்கென்றது.

"எழுதாதீங்கக்கா. ரெண்டையும் கலந்துட்டேன்."

பிரேம்நாத் அவள் காலை மிதித்தான். அவள் நிறுத்தவில்லை.

"பழசு பண்ற வேலைக்குப் புதுசு மேல பழி விழுந்துடும். அப்பறம் நல்ல மருந்தே யாருக்கும் வராம போய்டும்."

"இன்னா வேலை பண்ணி வச்சிருக்க!" என்று ஜஹீருன்னிசா திட்டித் தீர்த்தாள். அந்த மாதக் கணக்கு செல்லாது என்றார்கள். டாக்டர்கள் கூடிப் பேசி, கடைசியில் இருவரையும் வைத்துக்கொண்டு புது டப்பாக்கள் கொடுத்தார்கள்.

இந்த முறை ஷர்மிளாவின் தலைசுற்றல் போயே போய்விட்டது. பிரேம்நாத்துக்குத் தினமும் சுற்றியது. யாருக்கு எது என்று இனி யாரும் சொல்லத் தேவையில்லை. விரலுக்குப் பயந்து அவன் பேக்கிங் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ஒன்றாக நின்ற மிஷினில் இப்போது அவள் வேறு யாருடனோ நின்றாள்.

கேன்டீன் மூலையில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆராய்ச்சிய விட்டு விலகிக்கலாங்க. எப்ப வேணா விலகலாம்னு நர்ஸ் அக்கா சொன்னாங்க இல்ல?"

"நான் விலகிட்டா, பழசு இப்படித்தான் சுத்தும்னு யாரு சொல்றது? அதையும் எழுதட்டும். எழுதினாதான் எல்லாருக்கும் மாத்துவாங்க."

பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை அவள் பக்கம் தள்ளினான்.

"மாத்திரைலதான் பங்கு கிடையாது. சாப்பிடு."