நீல டிரம்மில் ஒரே செடி

தார்தோ முப்பத்தோரு வருஷம் எங்கள் ஊர் பைசாந்துவுக்கும் தலைநகருக்கும் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். உடம்பு மட்டும் வண்டியிலேயே தங்கிவிட்டது. தட்டில் இறைச்சி ஆறிக்கொண்டிருக்கும், மனிதர் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார். எதற்குப் போனார் என்று அவருக்கே தெரியாது. திரும்பி வந்து ஒரு வாய் சாப்பிடுவார். அதற்குள் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நான் எதிர்வீட்டுக்காரி. என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வீட்டில் ஒரு தலை போவதும் வருவதுமாகவே தெரியும்.

அவர் மனைவி சுல்மா தையல்காரி. எங்கள் பேட்டையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் வெள்ளை அங்கி அவள் கையில் பிறந்ததுதான். போன குளிர்காலத்தில் அவளுடைய விரல்கள் பூட்டிக்கொண்டன. காலையில் எழுந்தால் பத்து விரலும் காய்ந்த குச்சி மாதிரி விறைத்து நிற்கும். வாடிக்கைக்காரி ஒருத்தி கஞ்சாப் பூவை எண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகு சேர்த்துச் செய்த களிம்பு கொஞ்சம் கொடுத்தாள். வலி போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன் கண்ணுகளா. ஆனால் விரல் மடங்கியது. சுல்மா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். டப்பா காலியானபோது அந்த வாடிக்கைக்காரி மகளோடு சால்தோ நகரத்துக்குக் குடிபோயிருந்தாள். விரல்கள் மறுபடி பூட்டிக்கொண்டன. தைக்காத சுல்மா கூடத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

"கிழவா, வர்ற ஜூன்ல குளிர் தொடங்கறதுக்குள்ள எனக்கு ஒரு டப்பா களிம்பு வேணும்," என்றாள் தார்தோவிடம். "வேற ஒண்ணும் உன்கிட்ட கேக்கல. நீயும் சும்மாதான் திரியறே. அந்தச் செடியை வளத்துக் குடு."

தார்தோவுக்கு அது போதும். மறுநாளே தபால் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று பதிந்துகொண்டு வந்தார். வீட்டுக்கு ஆறு செடி, அதுதான் எங்கள் உருகுவேயில் சட்டம். வீட்டில் வளர்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர் மருந்துக்கடையில் வாங்க முடியாது, அதுவும் சட்டம். ஆக, வளர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

விதை கொடுத்தவன் மூலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் வால்தெர். அவன் நாலு வருஷமாக வளர்க்கிறான். அக்டோபரில் ஆறு விதை ஊன்றினார் தார்தோ. ஊன்றிய மூன்றாம் நாள், முளைத்ததா என்று பார்க்க மண்ணைக் கிளறினார். ஐந்தாம் நாளும் கிளறினார். வெள்ளை வால் விட்டிருந்த இரண்டு விதைகள் அவர் நகத்திலேயே ஒடிந்து போயின.

"என்ன அண்ணே, முளைக்குதான்னு தோண்டிப் பாக்கறீங்க? பிள்ளை உண்டாயிருக்கான்னு வயித்தைக் கிழிச்சா பாப்பாங்க?" என்றான் வால்தெர்.

மிச்சம் நாலு. டிசம்பரில் இடுப்பு உயரம் வளர்ந்தன. ஜனவரியில் வால்தெர் வந்து இலைக்கணுவைப் பார்த்து, குட்டிக் குட்டியாக உருண்டை தொங்கிய இரண்டை, ஆண் செடி, மருந்துப் பூ தராது என்று பிடுங்கிப் போட்டான். அதில் ஒன்றுதான் நாலிலும் உயரம். தார்தோ அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவதை எறும்பு தின்றது. எங்கள் ஊர் எறும்பு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் போய்ப் பார்த்தால் குச்சி மட்டும் நின்றது.

பிப்ரவரி பிறந்தபோது ஒரே ஒரு செடி. சமையலறைப் பின்கதவுக்குப் பக்கத்தில், பாதியாக அறுத்த நீல பிளாஸ்டிக் டிரம்மில் நின்றது. நல்ல செடி. வெயிலில் மண் காயாமலிருக்க வால்தெர் சொன்னபடி மேலே வைக்கோல் பரப்பியிருந்தார்கள்.

"இது ஒண்ணு போதும் அண்ணே, நல்லா வந்துச்சுன்னா ரெண்டு டப்பாவே வரும்," என்றான் வால்தெர். "ஏப்ரல் வரைக்கும் அது பாட்டுக்கு விடுங்க. பூ தானா வரும்."

அது பாட்டுக்கு விடுவது என்பது தார்தோவுக்குத் தெரியாத வித்தை. கையில் மத்தே இலையை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கும் குடுவை, அக்குளில் வெந்நீர் தெர்மாஸ், காலில் செருப்பு. அரை மணிக்கு ஒருமுறை பின்கதவு கிறீச்சிடும். நிற்பார், குழலை உறிஞ்சுவார், ஒரு இலையைத் திருப்பிப் பார்ப்பார், உள்ளே போவார். உட்காருவதற்குள் திரும்பவும் கதவு.

"அடேயப்பா, அந்தச் செடிக்குப் பேச வாய் இருந்தா உன்னை அடிச்சு விரட்டியிருக்கும்," என்பாள் சுல்மா.

"பூ வந்துச்சாடி கிழவி, கவனிச்சியா?"

"இப்பத்தானே பாத்தே?"

"அப்ப மேகம் மூடியிருந்துச்சு. சரியா தெரியல."

மார்ச் தொடக்கத்தில் பூ வந்தது. உச்சியில் வெள்ளை முடி முடியாக அரும்பியது. சுல்மா அன்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, கையைக் கழுவாமலே இருந்தாள். காலை வேளைகளில் ஆற்றுக் காற்று குளிர ஆரம்பித்திருந்தது. அவள் சுண்டுவிரல் அப்போதே மடங்க மறுத்தது.

பத்து நாள் கழிந்திருக்கும். அடி இலைகள் மஞ்சளாயின. பிறகு செடி முழுவதும் தோளைத் தொங்கப் போட்ட மாதிரி வாடியது. தார்தோ பதறிப் போனார். வாடினால் தாகம்தானே என்று ஒரு ஜாடி தண்ணீர் கூடுதலாக ஊற்றினார். மறுநாள் இன்னும் வாடியது. வால்தெரைக் கைபிடித்து இழுத்து வந்தார்.

அவன் இலையைக் கசக்கிப் பார்த்தான். "தண்ணி ஜாஸ்தி அண்ணே."

"டேய், ஒரு நாளைக்கு ஒரு ஜாடிதான்டா! நீ சொன்ன அளவு. நேத்து மட்டும்தான் ரெண்டு."

"அப்ப எனக்குப் புரியல. அக்கா, நீங்க ஏதும் ஊத்தறீங்களா?"

"நான் எதுக்கு ஊத்தறேன்? என் கையில ஜாடி நிக்குமா?"

வால்தெர் போனதும் வீட்டில் நிம்மதி போனது. தார்தோ முதலில் பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டார். அப்புறம் காற்றை. அப்புறம் வால்தெர் கொடுத்த விதையை. மூன்றாம் நாள் நான் என் கோட்டோடு, விரல் சரியானதும் காலரைத் தைத்துத் தரச் சொல்லி அங்கே போயிருந்தேன். அப்போது சந்தேகம் சுல்மாவிடம் வந்து நின்றது.

"துணி துவைச்ச சோப்புத் தண்ணியை நீதான் அதுல கொட்டறே. ஒத்துக்கோ."

"என்னது?"

"பின்கதவுப் பக்கம் வேற யாரு போறா? நானும் நீயும்தான். நான் கொட்டல."

சுல்மா என் கோட்டை மடித்து ஓரமாக வைத்தாள்.

தார்தோ அறைக்குள் நாலு நடை நடந்தார். திடீரென்று சமையலறைக்குப் போய் இறைச்சிக் கத்தியை எடுத்தார். "அறுத்துடறேன். சாகறதுக்குள்ள இருக்கறதை அறுத்துக்குவோம். பச்சையானாலும் பரவாயில்ல, பூ பூதானே."

"அது இன்னும் பூவே இல்ல, வெறும் முடி! ஒண்ணுக்கும் ஆகாது. கத்தியைக் கீழ வை!"

"நின்னுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா? என்னால ஆகாது!"

பின்கதவு வழியாக அவர் முன்னால் போக, சுல்மா பின்னால் ஓட, நானும் ஓடினேன். அவர் தண்டைப் பிடித்தார். சுல்மா அவரைத் தடுக்க வழியில்லாமல், டிரம்மின் விளிம்பைப் பிடித்து, ஊன்றிக்கொள்ள ஒரு கையை வைக்கோலுக்குள் அழுத்தினாள். கை மண்ணுக்குப் போகவில்லை. நடுவிலேயே நின்றது.

"இது என்ன?"

வைக்கோலை விலக்கினாள். கீழே ஒரு சாண் கனத்துக்குப் பச்சைக் கறுப்பாக ஒரு பாய். ஈரமாக, அழுத்தமாக, மேலே வெள்ளைப் பூஞ்சை. புளித்த வாடை வந்தது. குட்டி ஈக்கள் கூட்டமாக எழும்பின. சுல்மா ஒரு துண்டைப் பிய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். எங்களுக்கு முகர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து அந்த இலையைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

மத்தே சக்கை.

செடியைப் பார்க்க வரும்போதெல்லாம் அவர் குடுவையோடு வந்தார். குடித்து முடித்த சக்கையை, வைக்கோலை விலக்கி டிரம்மில் தட்டினார். தெர்மாஸின் அடியில் மிச்சமிருந்த வெந்நீரையும் கவிழ்த்தார். இந்த நாட்டில் யார்தான் அப்படிச் செய்வதில்லை? நானும் என் ஜெரேனியம் தொட்டியில்தான் தட்டுகிறேன், உரம் என்று. ஆனால் நாளுக்கு ஒன்றோ இரண்டோ. அவர் தட்டியது எத்தனை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மண்ணுக்குக் காற்று புக வழியில்லை. அடியில் வேர் சேற்றில் நின்றது.

தார்தோ கத்தியைப் பிடித்தபடியே நின்றார். "உரம்னு போட்டேன்," என்றார்.

"சோப்புத் தண்ணியா?" என்றாள் சுல்மா. "சொல்லு. நான் கொட்டின சோப்புத் தண்ணி எங்கே?"

அவள் கத்தியை வாங்கி என்னிடம் கொடுத்தாள். பிறகு மடங்காத விரல்களை வாரியலாக வைத்து அந்தச் சக்கையை வாரி வாரி வெளியே போட ஆரம்பித்தாள். நான் உதவப் போனேன், விடவில்லை. ஒவ்வொரு முறை வாரும்போதும் அவள் உதடு வலியில் ஒரு பக்கம் இழுத்தது.

வால்தெர் வந்து டிரம்மின் அடியில் இன்னும் நாலு ஓட்டை போட்டான். "பத்து நாள் ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. தொடக்கூடாது. வேர் மூச்சு விட்டா பொழைக்கும். அழுகிப் போயிருந்தா, அவ்வளவுதான்."

"கேட்டியா கிழவா?" என்றாள் சுல்மா. "பத்து நாள் இந்தக் கதவைத் தாண்டினே, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அந்தப் பத்து நாளை நான்தான் சுமந்தேன் கண்ணுகளா. காலை ஆறு மணிக்கே என் வாசலில் நிற்பார். உட்காருவார், எழுவார். என் கடிகாரம் இரண்டு நிமிஷம் பிந்துகிறது என்பார். ஒருமுறை மத்தே குடித்து முடித்து, பேச்சுவாக்கில் குடுவையை என் ஜெரேனியம் பக்கம் சாய்த்தார். கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. நான் ஒரு கிண்ணத்தை நீட்டினேன்.

ஐந்தாம் நாள் என் மொட்டை மாடியிலிருந்து அவர்கள் வீட்டுக் கொல்லை தெரியும் என்று கண்டுபிடித்துவிட்டார். அறுபத்தாறு வயதில் ஏணியில் ஏறினார். கொல்லையிலிருந்து சுல்மாவின் குரல் தெருவைத் தாண்டி வந்தது.

"இறங்கு கிழவா! பார்க்கவும் கூடாது!"

"பார்வையில தண்ணியா ஊத்துது?"

"உன் பார்வைக்கு அதுவும் ஊத்தும். இறங்கு!"

எட்டாம் நாள் அவள் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து மறுபடி ஏறினார். இறங்கி வந்தார். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். நான் பயந்துபோய், "செத்துப் போச்சா?" என்றேன்.

"உச்சி நிமிந்திருக்கு. அடி மூணு கிளை போச்சு. உச்சி நிமிந்திருக்கு."

ஏப்ரலில் மழை வந்தது. இன்னும் ஒரு வாரம் நின்றால் பூ நன்றாகப் பழுக்கும், ஆனால் மழையில் பூசணம் பிடித்தால் எல்லாம் போய்விடும் என்றான் வால்தெர். தார்தோவைப் பார்த்தோம். அவர், "சுல்மா சொல்லட்டும்," என்றார். சுல்மா அன்றைக்கே அறுக்கச் சொன்னாள். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் வால்தெர் வெட்டினான். உலர்த்தி, எண்ணெயில் காய்ச்சி, மெழுகு சேர்த்து முடித்தபோது சின்ன டப்பாவில் பாதிக்கும் கொஞ்சம் கீழே.

சுல்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், மூன்று மாதக் குளிர். "ரெண்டு கைக்கும் வராது," என்றாள். "வலது கைக்கு மட்டும் போடறேன்."

அப்படித்தான் போட்டாள். காலையில் வலது கையில் தேய்த்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் அரை மணி உட்காருவாள். அந்தக் கை மடங்கும். ஊசி பிடிக்கும். இடது கை மடியில் கிடக்கும். ஆனால் துணியை இழுத்துப் பிடிக்க இன்னொரு கை வேண்டுமே. ஜூன் இரண்டாம் வாரம் நான் என் கோட்டை வாங்கப் போனேன். தார்தோ அவளுக்கு இடப்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து, என் கோட்டின் காலரை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பத்து மணியிலிருந்து அப்படி உட்கார்ந்திருக்கிறாராம். அப்போது பன்னிரண்டு.

"தளர விடாதே," என்றாள் சுல்மா.

"விடல."

"அசையறே. கோடு வளையுது பாரு. அந்தத் தையலைப் பிரிக்கணும் இப்ப."

"மூச்சு விட்டேன்டி."

"மெதுவா விடு."

அவர் மெதுவாக மூச்சு விட்டார். என்னைப் பார்த்தார், எழுந்து வா என்று நான் எங்காவது அழைப்பேனா என்று கண்ணில் ஒரு ஆசை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"மூக்கு அரிக்குது," என்றார்.

"அரிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுச் சுல்மா அடுத்த தையலைப் போட்டாள்.