ஐம்பது அங்குல அன்பு

என் அண்ணன் தயாவைப்போல் தங்கைமேல் உயிரையே வைத்திருக்கும் அண்ணன் வேறு யாருக்கும் வாய்க்க வேண்டாம் என்றுதான் இப்போது வேண்டிக்கொள்கிறேன். நன்றிகெட்டவள் என்று நினைப்பீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

நான் நிரோஜினி. திருகோணமலை உட்துறைமுக வீதியில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை. யாரோ எழுதிய கடிதத்துக்கு யாரோ சொல்லும் பதிலைப் பகல் முழுக்கத் தட்டச்சு செய்வேன். மாலையில் வீட்டுக்கு வந்து, கணினியில் துப்பாக்கியோடு ஓடுவேன். சிரிக்காதீர்கள். ஐந்து பெண்கள் கொண்ட அணி எங்களுடையது. தலைவி கிண்ணியாவிலிருக்கும் றிஷானா. அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் சேர்ந்து விளையாடுவோம். மற்றவர்கள் முன்னே பாயும்போது பின்பக்கத்து மூலையைக் காப்பது என் பொறுப்பு. நான் கொஞ்சம் அசந்தால் எல்லோரும் காலி. என்னை நம்பி நாலு பேர் திரும்பிப் பார்க்காமல் போவது என் வாழ்க்கையில் அந்த இடத்தில் மட்டும்தான் நடந்திருக்கிறது. அகில இலங்கைப் பெண்கள் போட்டியில் இன்னும் ஒரு சுற்று வென்றால் கொழும்பில் இறுதிப் போட்டி. அணியில் என் இடம் போய்விடக்கூடாது. அதைவிட வேறெதற்கும் நான் அப்போது ஆசைப்படவில்லை.

என் பழைய திரை சின்னது, மெதுவானது. எதிரி ஓடினால் ஆளைக் காட்டாமல் இழுபட்ட நிழலைக் காட்டும். புதிது வேண்டும் என்று மாதக்கணக்கில் வாசித்து, கேட்டு, ஒரு முடிவுக்கு வந்தேன். இருபத்து நாலு அங்குலம் போதும். தெளிவு சாதாரண எச்.டி. போதும். படத்தை மாற்றும் வேகம் மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும். காரணம் எளிது. திரையில் புள்ளிகள் கூடக்கூட, அத்தனை புள்ளியையும் கணினிதான் வரைய வேண்டும். என் கணினியில் படம் வரைகிற அட்டையோ கிழட்டு மாடு. ஏற்றுகிற பாரத்தைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது திரையின் பெயர், இலக்கம், படம் எல்லாம் அனுப்பினேன். அண்ணன் ரொறன்ரோவில் குளிர்களஞ்சியம் ஒன்றில் இரவு வேலை செய்கிறான். நான் அனுப்பியதை வாங்குவதற்கு முன் யாரோ வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் நாலு பேரிடம் ஆலோசனை கேட்டிருக்கிறான். அங்குலத்தை இஞ்சி என்னும் எங்கள் ஆட்களிடம் திரை என்று சொன்னால் எத்தனை இஞ்சி என்பதைத் தவிர வேறு கேள்வி வருமா?

கப்பலில் வந்த பெட்டியைப் பிரித்தோம். உள்ளே ஐம்பது அங்குலத் தொலைக்காட்சி இருந்தது. பெட்டிமேல் எழுதியிருந்தது எங்கள் முகவரிதானா என்று நான் பார்த்தேன். அம்மா கண் கலங்கினார். அண்ணன் வீடியோவில் காத்திருந்தான்.

“இருபத்தி நாலு இஞ்சியைப் போய் கப்பல்ல போட்டு அனுப்புறதோ? கனடாவில இருக்கிற அண்ணன்ர கை அவ்வளவுதான் எண்டு சனம் கதைக்கும். இது ஃபோர் கே. உன்ர பழசைவிட நாலு மடங்கு தெளிவாம். பஸ்காரன் ஏத்தமாட்டன் எண்டிட்டான், தோளில வச்சுத்தான் வீட்டை கொண்டந்தனான்.” சட்டையை விலக்கி, தோளில் நோவுக்கு ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் காட்டிச் சிரித்தான். “எப்பிடி, பிடிச்சிருக்கோ?”

“வடிவாயிருக்கு அண்ணா.”

வேறு என்ன சொல்வது? அந்தப் பிளாஸ்டரைப் பார்த்தபடி உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் வந்து சொல்லட்டும், நான் காலில் விழுகிறேன்.

அம்மா உடனே விபூதியும் சந்தனமும் கொண்டு வந்தார். வீட்டுக்கு எது வந்தாலும், தையல் மெசின் ஆனாலும் மோட்டார் சைக்கிள் ஆனாலும், பொட்டு வைக்காமல் தொடங்கமாட்டார். நான் மறிப்பதற்குள் சந்தனத்தைத் திரையின் நட்டநடுவில் வைத்துவிட்டார். என் விளையாட்டில் குறிபார்க்கும் புள்ளி வருவதும் அதே இடத்தில்தான். துடைத்தேன், மஞ்சளாய் ஒரு வட்டம் போகவில்லை. அன்றிலிருந்து என் எதிரிகள் எல்லோரும் அம்மாவின் பொட்டுக்குப் பின்னால்தான் ஒளிந்தார்கள். வாசலில் வைத்த அட்டைப்பெட்டியை எங்கள் ஊர் வீதிகளில் மாடுபோல் திரியும் மான்கள் மறுநாள் காலைக்குள் பாதி தின்று முடித்திருந்தன.

பெட்டி வந்த அன்று மாலை ஃபோர் கே தெளிவில் விளையாட்டைத் திறந்தேன். புல்லின் நுனிகூடத் தெரிந்தது. ஆனால் ஒன்றும் அசையவில்லை. கிழட்டு மாடு படுத்துவிட்டது. எதிரி ஒரு படத்தில் தூரத்தில் நின்றான், அடுத்த படத்தில் என் மூக்கடியில் நின்றான். தெளிவைப் பாதியாகக் குறைத்தேன். அசைவு வந்தது, ஆனால் சுட்டால் குண்டு சுணங்கிப் போனது. தொலைக்காட்சி படத்தைச் சும்மா காட்டாது. வாங்கி, நிறம் பூசி, சிங்காரித்து, பிறகுதான் வெளியே விடும். பெண் பார்க்க வந்தவர்களை விறாந்தையில் காக்க வைப்பதுபோல. அந்தக் கண நேரத்துக்குள் நான் செத்துவிடுவேன். விளையாட்டுக்கென்று அதில் இருந்த முறையையும் போட்டுப் பார்த்தேன். சுணக்கம் குறைந்ததே தவிரப் போகவில்லை. நாலு பக்கமும் கறுப்பாக விட்டு, நடுவில் மட்டும் சின்னதாகப் படம் வரும்படி செய்தேன். அப்படித்தான் ஓரளவுக்காவது விளையாட முடிந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். “ஏன் பிள்ளை இவ்வளவு பெரிசில துண்டைப் போட்டுப் பாக்கிறாய்? அண்ணன் எடுக்கிற நேரம், முழுசாப் போடு.”

அண்ணன் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரம் எங்களுக்கு மாலை. தினமும் வீடியோ அழைப்பு எடுப்பான். தினமும் அம்மா தொலைபேசியைத் திரைப்பக்கம் திருப்பிக் காட்டுவார். நாங்கள் பயிற்சி செய்வதும் அதே நேரம்தான்.

பழைய திரை இருந்தால் அதையே மாட்டியிருப்பேன். கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்த அன்றே அம்மா அதைச் சம்பூர்ப் பெரியம்மாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். புதுசு வருகிற வீட்டில் பழசு கிடக்கக்கூடாதாம். ஒரு சனிக்கிழமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு, திருப்பிக் கேட்பதென்று பஸ் ஏறிச் சம்பூர் போனேன். முன்னறையில் ஒரு கதிரைமேல் என் திரை இருந்தது. மேலே பின்னல் துணி விரித்து, பக்கத்தில் செவ்வரத்தம்பூ வைத்திருந்தார்கள். பெரியம்மா அதில் ஒரு டி.வி.டி. பெட்டியை மாட்டிக் கோயில் திருவிழா வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“இடம்பெயர்ந்து திரும்பி வந்தாப் பிறகு, நாங்கள் கேளாமல் ஆரும் தந்த சாமான் இது ஒண்டுதான் பிள்ளை,” என்றார். “நீ நல்லாயிருப்பாய். அதுசரி, என்ன அலுவலா வந்தனி?”

“சும்மா உங்களைப் பாக்கத்தான் வந்தனான்.”

தேத்தண்ணீர் குடித்தேன். ஒரு கட்டு முருங்கைக்காயோடு வீடு திரும்பினேன்.

றிஷானாவிடம் உண்மையைச் சொன்னேன். அவளிடம் உபரியாக ஒரு திரை இருந்தது. “வந்து எடுத்துட்டுப் போ புள்ள, அது சும்மாதானே கிடக்கு,” என்றாள். சந்தோஷத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதுதான் என் முட்டாள்தனம்.

“அண்ணன் தோளில சுமந்து அனுப்பினது கிடக்க, மற்ற வீட்டில இரந்து கொண்டந்து வைக்கிறதோ?” அம்மாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். “அவன் பாத்தா என்ன நினைப்பான்? ஒண்டும் சொல்லமாட்டான். போனை வச்சிட்டு இருந்து அழுவான்.”

அழுவான்தான். எனக்கும் தெரியும். அப்பா போன பிறகு எங்களுக்கு என்ன தேவையென்றாலும் கேட்குமுன் செய்தவன் அவன். அவனிடம் ஒரு பொருளைத் தவறு என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. எனக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. அந்த ஆத்திரத்தை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் மேசைத் துணியை எடுத்துத் தோய்த்தேன்.

பயிற்சியில் நான் காத்த மூலையால் எதிரிகள் திருவிழாக் கூட்டம்போல் வந்து போனார்கள். என்னை நம்பிப் போனவர்கள் முதுகில் சூடு வாங்கி விழுந்தார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சுற்றுக்கு முந்திய வாரம் றிஷானா எடுத்தாள். வழக்கத்துக்கு மாறாக அம்மா சுகமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டாள். எனக்கு விளங்கிவிட்டது.

“இந்த ஒரு சுற்றுக்கு நீ கொஞ்சம் ஆறி இரு புள்ள. வவுனியாவில ஒரு பிள்ள இருக்கு, பழகிப் பாத்தம், நல்லாச் செய்யுது. மத்தவங்களும் கேக்கிறாங்க. நான் என்ன செய்ய, சொல்லு.”

“விளங்குது றிஷானா. நீ செய்தது சரி,” என்றேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே நின்று அம்மா, தாங்கியில் தண்ணீர் குறைவு, பார்த்துக் குளி என்றார்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. போட்டி நாளில் அலுவலகத்திலிருந்து விளையாடுவதாகச் சொல்லிவிட்டுக் கடற்கரையில் போய் இருந்தேன். இரவு அணியின் குழுவில் செய்தி வந்தது. வென்றுவிட்டார்கள். வாழ்த்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், மனம் எரிந்ததும் உண்மைதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டதற்கு, எங்கள் அணி வென்றுவிட்டது என்றேன். அதில் பொய் இல்லை.

மறுநாள் மாலை போட்டியின் பதிவை இணையத்தில் விட்டார்கள். அதைப் பெரிய திரையில் போட்டேன். பார்ப்பதற்கு அந்தத் திரையைப்போல் வேறொன்று இல்லை. ஃபோர் கே, துளி சுணக்கமில்லை, சுவரில் இருந்த வெடிப்புகூடத் தெரிந்தது. என் மூலையில் வவுனியாப் பிள்ளை நின்றாள். நான் நிற்கும் இடத்தைவிட ஓரடி தள்ளி நின்றாள். அதுதான் சரியான இடம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணன் எடுத்தான். அம்மா தொலைபேசியைத் திரைக்கு நேரே பிடித்தார். “உன்ர தங்கச்சியாக்கள் வெண்ட விளையாட்டைப் போடுகினம், பார்.”

“ஆ, தெரியுது, வடிவாத் தெரியுது. நிரோ, இதில எது நீ?”

அம்மாவும் என் பக்கம் திரும்பினார். அண்ணன் இன்னும் வேலைச் சட்டையோடுதான் இருந்தான். நான் கையை நீட்டி மூலையில் நின்றவளைக் காட்டினேன்.

அவள் அந்த நேரம்தான் சுவரோரமாக வந்த இரண்டு பேரை அடுத்தடுத்துச் சுட்டு வீழ்த்தினாள். மற்ற நாலு பேரும் திரும்பியும் பார்க்காமல் முன்னே போனார்கள்.

அண்ணன் கைதட்டினான். “பாத்தியோ அம்மா, பெரிய திரை வந்தாப் பிறகு இவளின்ர விளையாட்டே வேற. இனி நீ இருபத்தி நாலு இஞ்சி எண்டு கதைப்பியோடி?”

“இல்லை அண்ணா.”

“கொழும்புக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. நீ மேடையில நிக்கிறதை அவ பாக்க வேணும்.”

“ஓம் அண்ணா.”

அம்மா தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு சேலைகளைக் கையில் போட்டுக்கொண்டு வந்து, கொழும்புக்கு எது நல்லது என்று கேட்டார்.

நீலம் என்றேன்.