காலி மாத்திரை அட்டைகள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கணவனை மூன்றாவது நாளாகக் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் மனைவிக்கோ காய்ச்சலைவிட அவனுடைய திருட்டு முழிதான் உறுத்தியது. டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பானே, அந்த முழி. கண்ணில் மஞ்சள் வேறு.

"ஊது."

"என்னடி, போலீஸ் மாதிரி?"

"ஊதுன்னா ஊது!"

ஊதினான். வாடை இல்லை. வாய் கொப்பளித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அவன் குடியை விட்டு ஆறு வருஷமாகிறது. ஆனால் ஒரு மாதமாகவே சோற்றைக் கொறிக்கிறான், குளியலறைக்குள் போனால் வெளியே வர மனமில்லாமல் கிடக்கிறான். வேலைப் பையைக் கவிழ்த்தாள். ஸ்பேனர்களோடு காலி மாத்திரை அட்டைகள் கொட்டின.

"இதெல்லாம் என்ன?"

"கை வலிக்கு."

கை வலிக்காரன் எதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிறான்? அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "ஈரல்ல..." என்று தொடங்கியதும் முந்திக்கொண்டாள். "மறுபடி குடிக்கிறாரு டாக்டர். எனக்குத் தெரியும்."

"குடி இல்லம்மா. ஈரல்ல சீழ் கட்டியிருக்கு. குடல்லேருந்து ஈரலுக்கு ரத்தம் போற குழாய்ல கிருமி புகுந்து, ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. ரொம்ப அபூர்வம். வேற எங்கயோதான் ஆரம்பிச்சிருக்கணும்." அவன் பக்கம் திரும்பினார். "முன்னாடி வலது அடிவயித்துல வலி வந்துச்சா?"

அவன் கூரையைப் பார்த்தான். "வந்துச்சு. ஒரு மாசம் இருக்கும். மாத்திரை போட்டு அமுக்கிட்டேன்."

"குடல்வாலா இருக்கும். அதுதான் உள்ளுக்குள்ளயே அழுகியிருக்கு."

டாக்டர் போனதும் அவள் வெடித்தாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா? பழையபடி ஆரம்பிச்சிட்டியான்னுதானே கேட்டிருப்ப."

அவள் போர்வையை இழுத்து அவன் மார்வரை மூடினாள்.

விலாவில் குழாய் செருகிச் சீழை வடித்தார்கள். இரண்டு நாள் அவன் பிதற்றிக்கொண்டே கிடந்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கிருமிக்கு ஊசி, உறைந்த ரத்தத்துக்கு மருந்து என்று வாரங்கள் ஓடின. அவள் லீவு போட்டுவிட்டுக் கட்டிலோரமே கிடந்தாள். ஒவ்வொரு மாத்திரையும் தொண்டையில் இறங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

ஒரு காலை நர்ஸ் கேட்டாள். "வலி இருக்கா?"

"இல்ல."

மனைவி அவன் முகத்தையே பார்த்தாள்.

"கொஞ்சம் இருக்கு" என்றான் அவன்.

"எங்க?" என்றாள் மனைவி.

அவள் கையைப் பிடித்து, வலிக்கும் இடத்தில் அவனே வைத்தான்.