கால்வாயின் இரு கரையில் ரிக்கோ மரானி

1974ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பாடகன் ரிக்கோ மரானியின் தலை எங்கள் ஊரில் இன்சா வீட்டுச் சுவரில் பாடியபோதெல்லாம், அவனுடைய கால்கள் கால்வாயின் எதிர்க்கரையில் ஹில்கே வீட்டுச் சுவரில் ஆடின. அந்த வருடம் உருளைக்கிழங்கு விளைச்சல் சுமார். வெண்ணெய் விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

அவன் இப்படி இரண்டு வீட்டுக்காரன் ஆனதற்குத் தாய்மார்கள்தான் காரணம். இளையோர் வாரப் பத்திரிகை ஒன்று அவனை ஆள் உயரத்தில், வாரம் ஒரு துண்டாக அச்சிட்டு வந்தது. ஒரு வாரம் முழங்கை வரும், ஒரு வாரம் மோவாய். வெட்டி ஒட்டி முடித்தால் முழு ஆள். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் அறையில் முழு ஆம்பிளையை நிறுத்த எந்தத் தாய் சம்மதிப்பாள்? பாதி ஆள் என்றால் பரவாயில்லை என்று இரண்டு தாய்மாரும் இறங்கி வந்தார்கள். சிநேகிதிகள் இருவரும் குச்சி இழுத்துப் பார்த்ததில் இடுப்புக்கு மேலே இன்சாவுக்கு, வெள்ளை பெல்பாட்டமும் கூர்முனைச் சப்பாத்தும் ஹில்கேவுக்கு. "காலுன்னா வாயாடாது. எனக்கு இதுவே போதும்" என்றாள் ஹில்கேயின் அம்மா. இன்சா வீட்டில் பாட்டு ஆரம்பித்ததும் இரண்டு பெண்களும் படியிறங்கி, பாலத்தைத் தாண்டி, மூச்சிரைக்க ஓடினால் ஆட்டத்தின் கடைசிச் சுற்றைப் பார்த்துவிடலாம். மழையிலும் ஓடினார்கள். பாதிரியார் வந்து இரண்டு வீட்டையும் பார்த்தார். நடுவில் தண்ணீர் ஓடுவதால் பாவம் ஒன்றும் இல்லை என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பதினாறு வயதில் இன்சாவுக்கு நகரத்துக் கூட்டாளிகள் சேர்ந்தார்கள். காதில் ஊக்கு, கையில் பானை உருளுகிற மாதிரிச் சத்தம் போடும் ஓர் இங்கிலீஷ் இசைத்தட்டு. ஒரு சனிக்கிழமை அவள் அறைக்குள் நுழைந்தவர்கள் சுவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னடி இது, இன்னும் இந்த வழியல் ஆளையா வச்சிருக்க?" இன்சாவுக்கு முகம் செத்துப்போயிற்று. பாட்டின் நடுவிலேயே அவனைக் கிழித்தாள். சுருட்டிய பிறகும் அவன் பல்லவியை விடவில்லை. பழைய காகிதம் சேகரிக்க வந்த தீயணைப்புப் படைப் பையன்களின் வண்டியில் பாடிக்கொண்டேதான் போனான்.

எதிர்க்கரையில் கால்கள் வலது குதிகாலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டன. ஹில்கே விஷயத்தைப் புரிந்துகொண்டு பாலத்தைக் கடந்து வந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?"

கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சின்னப்புள்ள வெளையாட்டுக்கெல்லாம் சொல்லிட்டா இருப்பாங்க? போவியா" என்றாள் இன்சா. ஹில்கே போய்விட்டாள். அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் இருவரும் பேசவில்லை. ரொட்டிக் கடையில் ஒருத்தி நுழைந்தால் மற்றவள் வெளியேறுவாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஹில்கே அந்தக் கால்களுக்காகப் பாடாத பாட்டில்லை, வாங்காத இசைத்தட்டில்லை என்று பேசிக்கொண்டார்கள். தேவாலயப் பாட்டு, ஓபரா, மாலுமிப் பாட்டு எல்லாம் போட்டுப் பார்த்தாள். குதிகால் இறங்கவில்லை. அவளைக் கட்டிக்கொண்டவன் நல்ல மனிதன், கால்களை விட்டுச் சுற்றிலும் சுவர்க்காகிதம் ஒட்டினான். நிஜ ரிக்கோ மரானியும் அந்தச் சனிக்கிழமையிலிருந்து வலது குதிகால் ஊன்றாமல்தான் நடந்தான். கடைசிக் காலத்தில் மெத்தைக் கடைத் திறப்பு விழாக்களில் நாற்காலியில் உட்கார்ந்து பாடினான், பிறகு செத்தும் போனான். இன்சாவோ கத்தல் இசையை மூன்று வருடத்தில் விட்டாள். கிதார் வைத்து அழும் பெண்களைக் கேட்டாள், புருஷனுக்காக ஜாஸ் கேட்டாள், கடைசியில் வானொலியில் வானிலை அறிக்கை மட்டும் கேட்டாள். எதைக் கேட்டாலும் நடுவில் அந்தத் தூக்கிய குதிகால் ஞாபகம் வந்து நெஞ்சை அறுக்கும். பாலம் நாற்பது எட்டு வைக்கிற தூரம்கூட இருக்காது, கடக்கத்தான் முடியவில்லை.

ஹில்கே வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இன்சா ஒரு ஞாயிறு மத்தியானம் போய்க் கதவைத் தட்டினாள். எங்கள் பக்கத்தில் பகையாளியே வந்தாலும் மூன்று கோப்பை தேநீர் ஊற்றியாக வேண்டும். ஹில்கே ஊற்றினாள். முதல் கோப்பை காலியானது. இரண்டாவதில் இன்சா எழுந்து, ஹில்கேயோடு அறைக்குப் போய், கால்களுக்கு முன்னால் நின்று, பழைய பாட்டைப் பாடினாள். இரண்டாம் சரணம் மறந்துவிட்டது. குரலும் கரகரத்தது. கால்கள் அசையவில்லை.

அந்த நேரத்தில் வீடு வாங்குகிறவர்கள் அளவெடுக்க வந்தார்கள். அவர்களுடைய மகள் மெர்லே, பன்னிரண்டு வயது, கையில் போனோடு அறைக்குள் நுழைந்தாள். போனில் ஒருவன் மூக்கால் முணுமுணுத்துப் பாட, அடியில் தகரம் அதிர்கிற மாதிரி தாளம் ஓடியது. வலது குதிகால் மெல்ல இறங்கித் தரையைத் தட்டியது. அப்புறம் இடது. பெல்பாட்டம் சுழன்றது.

"இதுக்கா?" என்றாள் இன்சா. "இந்தக் கண்றாவிக்கா?"

"எனக்கும் சகிக்கல" என்றாள் ஹில்கே. "ஆசையாக் கேக்குற பிள்ளைக்குத்தான் ஆடும்போல."

இருவரும் அடுக்களைக்குத் திரும்பினார்கள். இன்சா கேட்டாள்: "அப்ப நான் கிழிச்சதால நிக்கலையா?"

"அன்னிக்கு நின்னது அதாலதான். நீ கிழிக்கலேன்னாலும் அடுத்த வருஷம் நின்னிருக்கும்டி." ஹில்கே மூன்றாம் கோப்பையை ஊற்றினாள். "எனக்கே அவன் அலுத்துப் போயிருந்தான். ஆறு மாசமா எப்படி உங்கிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். நீ அழுவியோன்னு பயந்தேன்."

இன்சா அழுதாள். இருவருக்குமே அலுத்துப்போன ஒரு பாட்டுக்காக இரண்டு பேர் தங்கள் ஆயுளில் பாதியைத் தனித்தனியாகக் கழித்திருக்கிறார்கள். அந்த வருடங்களை யாராலும் வெட்டி ஒட்ட முடியாது.  ஹில்கே கைக்குட்டையை நகர்த்தி வைத்தாள். இன்னும் பத்து நாளில் அவள் ஊரை விட்டுப் போகவேண்டும்.

அறையில் மெர்லேயின் அப்பா அலமாரிக்காகச் சுவரை அளந்துகொண்டிருந்தார். கால்கள் சுழன்று வந்து அளவுநாடாவை இரண்டு முறை தட்டிவிட்டன. அவர் பொறுமையாகக் குனிந்து, அவற்றுக்கு ஆட இடம் விட்டு, பென்சில் குறியை ஒரு சாண் தள்ளிப் போட்டார்.