கர்னலுக்கு ஊசி

என் தம்பி ரஸ்ஸல் குடியை விடுவதற்காக மீட்பு இல்லத்தில் சேர்ந்தபோது, அவனுடைய மலைப்பாம்பை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். பெயர் கர்னல். நான் இங்கிலாந்தின் ஹல் நகரில் பேருந்து ஓட்டுகிறவள். நாள் முழுக்க ஊரைச் சுமந்துவிட்டு வந்து இதையும் கவனி என்றால் யாருக்குத்தான் அலுக்காது?

சின்ன அறையில், அடியில் சூடு தரும் விரிப்பு போட்ட கண்ணாடிப் பெட்டியில் அது கிடந்தது. ஜனவரி மழை. துணி காய வேறு இடமில்லாமல் சீருடை, துண்டு எல்லாவற்றையும் அந்த அறையிலேயே போட்டேன். சுவரில் பூஞ்சை பிடிக்காதிருக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

எலி வைத்தும் தொடவில்லை. குளிர்காலத்தில் அப்படித்தான் இருப்பான், பயப்படாதே என்று ரஸ்ஸல் முன்பே சொல்லியிருந்தான். அதோடு, அது என்னிடம் பழக ஆரம்பித்திருந்தது. நான் உள்ளே போகும்போதெல்லாம் தலையை உயர்த்திக் கண்ணாடியில் சாய்த்து என்னையே பார்க்கும். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் என்னைத் தலை தூக்கிப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ரஸ்ஸல் ஃபோன் செய்தபோது அதைத்தான் சொன்னேன்.

"உன் கர்னல் இப்ப என் ஆளுடா. நான் போனாலே தலையத் தூக்கிட்டு நிக்கிறான்."

ரஸ்ஸல் அவசரமாகக் கேட்டான்.

"கெய்ல், வாய் திறந்திருக்கா?"

"லேசா. சிரிக்கிற மாதிரி."

"பாம்பு சிரிக்குமா, லூசு! போய்க் காது வச்சுக் கேளு."

பெட்டியைத் திறந்து குனிந்தேன். கொதி வரப்போகிற கெட்டில் மாதிரி உள்ளே ஓர் இரைச்சல். மூக்கோரம் ஒரு குமிழி வந்து உடைந்தது.

"அவனுக்கு மூச்சு விட முடியல. படுத்தா அடைக்குதுன்னு தலையத் தூக்கி வச்சிருக்கான். உன்னப் பாக்கல. நான் கிளம்பி வர்றேன்."

ஏற்கனவே இரண்டு தடவை பாதியில் கிளம்பி வந்தவன். இரண்டு தடவையும் ஸ்டேஷனிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் குடித்திருந்தான். இனி ஒரு தடவை குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

"வந்தா கதவத் திறக்க மாட்டேன். என்ன செய்யணும்னு சொல்லு, நான் செய்யறேன்."

"நீயா? அவனத் தொட்டதே இல்லையே நீ."

"சொல்லுடா."

சொன்னான். ஜன்னலை மூடினேன், ஈரத்துணியை வெளியேற்றினேன், சூட்டைக் கூட்டினேன். மறுநாள் பக்கத்து ஆஸ்பத்திரியில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்போம் என்று கைவிரித்துவிட்டார்கள். லீவு போட்டு, கர்னலைத் தலையணை உறைக்குள் விட்டு, துண்டு சுற்றிய சுடுதண்ணீர்ப் பையோடு ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, லீட்ஸ் வரை ரயிலில் போனேன். அங்கே பாம்பு பார்க்கிற மருத்துவர் ஒரு பெண். கர்னலின் வாயைத் திறந்து கோழையைக் காட்டினார். முதல் ஊசியை அவரே போட்டார்.

"குளிரும் ஈரமும் சேந்து நுரையீரல்ல இறங்கிடுச்சு. மூணு நாளுக்கு ஒரு ஊசி. இனி வீட்ல நீங்களே போடணும். உடம்போட முன்பாதியில போடுங்க, பின்பாதியில போட்டா மருந்து நேரா சிறுநீரகத்துக்குப் போயிடும்."

அந்த அறையில் காயப்போட்ட என் சீருடைதான் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

அடுத்த ஊசியை வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் போட்டேன். தலையைத் துண்டால் மூடினேன். அது என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. போட்டு முடித்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ரஸ்ஸல் எடுத்த எடுப்பிலேயே கேட்டான்.

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான். குமிழி நின்னுடுச்சு. இரைச்சல் கொஞ்சம் இருக்கு. இன்னும் திங்கல."

"ஊசி யாரு போடுறா?"

"ராஜாவா வந்து போடுவாரு? நான்தான்."

ரஸ்ஸல் குரலைத் தாழ்த்தினான்.

"பையக் கட்டிக் கட்டிலுக்குக் கீழ வச்சிருந்தேன் கெய்ல். நாளைக்குக் காலைல கிளம்பலாம்னு."

"இப்ப?"

"பிரிச்சிடுறேன்."

"சீக்கிரம் பிரி. சட்டையெல்லாம் கசங்கிடும்" என்றேன்.